செக்கிங் நாளைக் கீறிய பிள்ளை

காலையில் பாண் வாங்கப் போனால் எங்கள் ஊரான முரசுமோட்டையில் கடைக்காரர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எப்ப திரும்பிப் போறீங்கள்?” என்பதுதான். விரோதமாகக் கேட்பதில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்பார். தமிழ்நாட்டில் எங்கள் முகாமுக்கு முன்னால் இருந்த டீக்கடைக்காரரும் முப்பது வருடமாக இதையேதான் கேட்டார். முகாமில் இன்னும் இருக்கிற நீங்கள், ஊருக்குப் போனால் இந்தக் கேள்வி முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். முடியாது.

ஒன்பது வயதில் போருக்குத் தப்பிப் படகேறினேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு பெயின்ட் வாளியோடு எந்த ஊரில் சுவர் இருந்ததோ அந்த ஊரில் இருந்தேன். மகள் தர்சினி முகாமில் பிறந்தவள், இப்போது பத்து வயது. போன வருடம் என் தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்தோம். இங்கே பள்ளிக்கூடத்தில் அவள் வாய் திறந்தால் வகுப்பே அதே மாதிரி இழுத்துச் சொல்லிச் சிரிக்கும். இந்தியாக்காரி என்று பட்டம். அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். இடாப்பில் பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் உயர்த்துகிறாளாம். அவளைக் கொண்டுவந்தவன் நான் என்பதால் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம், திரும்பி வந்த பிள்ளைகளுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஓவியப் பட்டறை வைக்கிறது என்றார்கள். படம் கீறினால் பிள்ளை கதைக்கும் என்றார்கள். நம்பி, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பொதுமண்டபத்துக்குப் போனேன். மறக்க முடியாத ஒரு நாளைக் கீறச் சொன்னார்கள். தர்சினி தலை நிமிராமல் கீறினாள். நீள வரிசை, ஒரு மேசை, தடித்த பதிவேடு, துப்பாக்கியோடு பொலிஸ், குனிந்து கையெழுத்துப் போடுகிற ஒரு மனிதன்.

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அது செக்கிங் நாள். அன்று ஆள் நேரில் நிற்காவிட்டால் பதிவு வெட்டப்படும். அதனால் கோயம்புத்தூரில் பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டி ஏறி நின்றாலும் நான் பஸ் பிடித்து வந்துவிடுவேன். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் என்னோடு சாப்பிடுவாள். எங்களை மாடுமாதிரி எண்ணிய நாள் என் பிள்ளைக்குப் பெருநாளாக இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

படம் சொல்லிக்கொடுத்த மிஸ் அதைப் பார்த்துக் கண் கலங்கினா. “போர் பிள்ளைகளை விட்டுப் போகேல்லை” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னா. இவள் போரையே பார்த்ததில்லை என்று நான் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, போர் முடிந்தபோது இங்கே சனத்தை அடைத்துவைத்ததைக் காட்ட ‘தடுப்பு முகாம்’ என்று எழுதிய பலகையில் பசை தடவிப் படத்தை ஒட்டினா. பின்னேரம் பெரியாக்கள் பார்க்க வருகிறார்களாம். பிறகு மகளிடம் புதிய தாள் கொடுத்து, “பயப்பிடாதேங்கோ. இனிச் சந்தோஷமான ஒண்டைக் கீறுங்கோ” என்றா.

“இதுதான் மிஸ் சந்தோஷம்” என்றாள் தர்சினி. “அன்னைக்குத்தான் எங்கப்பா வருவாரு.”

பின்னாலிருந்து ஒரு குரல், “வருவாஆரு” என்று இழுத்தது. மண்டபம் சிரித்தது. மிஸ்ஸும் செல்லமாகச் சிரித்தா. மாதக்கணக்கில் பேசாத பிள்ளை பேசியிருக்கிறது, அதற்குக் கிடைத்தது இதுதான். நான் எழும்பிப் போய்ப் படத்தைப் பிடித்து இழுத்தேன். பசை பிடித்துவிட்டது என்று யோசிக்கவில்லை. தாள் நடுவால் கிழிந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தர்சினி என் கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு பலகைக்கு முன்னால் போய் நின்று, முகாமில் பேசுகிற அதே பேச்சில், மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்: “அங்க இருக்கறது எங்கப்பா கை. பிச்சுக் குடுங்க மிஸ்.”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மிஸ் நகத்தால் சுரண்டிப் பார்த்தா. வரவில்லை. வீட்டுக்கு வந்தது, வலது கை இல்லாத நான். பேனா பிடித்த அந்தக் கை பதிவேட்டின் மேல், மண்டபத்துப் பலகையிலேயே ஒட்டியிருக்கிறது.