அவள் வரத்தான் செய்தாள்

அன்று ஊசி போட்டிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா? ஒரு டாக்டரிடம் கேட்டும் பார்த்துவிட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன், மழைக்காலம். எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் இருக்கிறது. புதன்கிழமை தடுப்பூசி நாள். என் மகனுக்குத் தட்டம்மை ஊசி போட்டுவிட்டு, காய்ச்சல் வருமோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த மருந்து ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கு வரும். திறந்தால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும்; மீதியைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் எங்கள் நர்ஸ் பிள்ளைகள் சேர்ந்த பிறகே திறப்பார்.

எல்லாம் முடிந்த நேரத்தில், எங்கள் ஊர் அணைக்கு அக்கரையிலிருந்து படகேறி ஒரு காணிப் பழங்குடிப் பெண் கைக்குழந்தையோடு நனைந்துகொண்டு வந்தாள்.

"வள்ளம் பிந்திப் போச்சு சிஸ்டர்."

"ஒரு பிள்ளைக்கு வேண்டியா புதுக் குப்பிய ஒடைக்கச் சொல்லுத? கணக்கு நான்லா சொல்லணும். அடுத்த புதன் வெள்ளனே வா மக்கா."

பக்கத்திலிருந்த ஒருத்தி சிரித்தாள். "தேனும் கெழங்குமா வளருத பிள்ளைக்கு என்னட்டி நோவு வரப்போவுது?"

"அவ்வளவு தூரம் வந்திருக்கா, போட்டு விடுங்க சிஸ்டர்" என்றேன்.

"உங்க பிள்ளைக்குப் போட்டாச்சுல்லா?" என்றார் நர்ஸ். நான் மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அடுத்த புதனுக்குள் அக்கரையில் தட்டம்மை பரவிவிட்டது; அவள் குழந்தைக்கும் கண்டது. அம்மை கண்ட பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது என்பது அங்கே மட்டுமல்ல, எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு வள்ளத்தில் ஏற்றி, நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை பிழைக்கவில்லை. விழிப்புணர்வு இல்லாத ஜனங்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை. நல்லமிளகு விற்க வந்தவளிடம், இதற்காவது ஊசி போட்டுவிடு என்று கெஞ்சினேன். கோபமே இல்லாமல் சொன்னாள்:

"நான் வரத்தானே செய்தேன் அக்கா? மருந்தும் இருந்திச்சு. எனக்க பிள்ளைக்குத் தெறக்கல்ல."

ஊசி உயிரைக் காக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே வாசலுக்கு மறுபடி வா என்று அவளை எந்த முகத்தோடு கூப்பிடுவது? நர்ஸிடம் முதலில் பேசினால், அவர் கோபித்துக்கொண்டு காரியம் கெட்டுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. அந்தப் பெண் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடும் மாதம் நெருங்குகிறது. நான் யாரிடம் போய், என்ன சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.