இரண்டு குழாயும் ஒரு பேட்டரியும்

பிள்ளைகளா, நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்டீர்கள். நம் காரில் ஒரு ரேடியோ மாட்டினால் என்ன, அப்பா? பழைய ரேடியோ சல்லிசாகக் கிடைக்கிறது, பெரியவன் தானே மாட்டிவிடுவான் என்றீர்கள். நான் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். உங்களுக்கு முகம் வாடிவிட்டது. அதற்கும் முன்னால் சின்னவள் ஒரு நாள், "பக்கத்து வீட்டு மாமா ஏன் நம்ம கார்ல ஏறவே மாட்டேங்குறாரு?" என்று கேட்டாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல எனக்கு வராது. எட்டாவது வரை படித்தவன், எழுத்தும் அவ்வளவு நன்றாக வராது. ஆனால் எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்தக் காரை நான் வாங்கியபோதே இதற்கு வயதாகியிருந்தது. திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் பார்த்த ஒருவர் ஓட்டித் தேய்ந்த வண்டி. ரெட்டியார்சத்திரத்திலிருந்து நம் ஊருக்கு இரண்டு மைல் மண் ரோடு. இந்தப் பக்கத்தில் வேறு கார் கிடையாது. கல்யாணம், காய்ச்சல், கோர்ட்டு, எல்லாவற்றுக்கும் இதுதான் வாடகைக்குப் போகும். ஆனால் அந்த வாடகை மாதத்துக்கு நாலு நாள் வந்தால் அதிகம். மிச்ச நாளுக்கு நான் மைக் செட் கட்டினேன். கூரை மேல் ஒரு ஸ்பீக்கர் குழாய், உள்ளே ஒரு சின்ன ஆம்பிளிபயர், கையால் சாவி கொடுக்கும் ஒரு கிராமபோன். டூரிங் கொட்டகையில் படம் மாறினால் ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். சந்தையில் புதிதாகக் கடை திறந்தால் சொல்ல வேண்டும். நம் மாதா கோயில் திருவிழாவுக்கும் நான்தான் சொல்லிக்கொண்டு போவேன்.

அப்போது ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து இன்னொருவர் வேனில் இரண்டு குழாய் கட்டிக்கொண்டு வந்தார். கொட்டகைக்காரர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் குழாய்ச் சத்தம் என்னய்யா, ஆட்டுக்குட்டி தாயத் தேடுற மாதிரி இருக்கு? அவன் வந்தா மூணு ஊருக்குக் கேக்குது."

"கொஞ்ச நாள் பொறுங்க மொதலாளி, நானும் ரெண்டு குழாய் போட்டுர்றேன்."

"போட்டுட்டு வா. அதுவரைக்கும் அவன் ஓட்டட்டும்."

பெரியவன் அப்போது கைக்குழந்தை. அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். காரின் பேட்டரி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று உங்கள் அம்மாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுத்து வைத்திருந்தேன். அதை வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போனேன். ரேடியோ ரிப்பேர் செய்யும் பாய் ஒருவரிடம், கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்றின் சாமான் கிடந்தது. என்னுடையதைப் போல இரண்டு மடங்கு ஆம்பிளிபயர், விளிம்பு நசுங்கிய ஒரு குழாய். குழாயின் உள்தகடு கிழிந்திருந்தது. அதை மட்டும் பாய் புதிதாகப் போட்டுத் தந்தார். நசுங்கலை நானே மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினேன். குழாயை நிறுத்தும் கால்களுக்குப் பழைய கட்டில் சட்டத்தை அறுத்துக்கொண்டேன். வயரைக்கூடப் புதிதாக வாங்கவில்லை.

பாய் கடைசியில் கேட்டார்.

"தம்பி, இதுக்குத் தனி பேட்டரி வச்சிருக்கியா?"

"வண்டி பேட்டரியிலயே கொடுத்துர வேண்டியதுதான் பாய்."

"வேணாம்ப்பா. இது பழைய ஆம்பிளிபயர் மாதிரி இல்ல, யானைக்குத் தீனி போடுற மாதிரி இழுக்கும். நீ நடை வேகத்துல ஓட்டிக்கிட்டுப் போவே, டைனமோ அதுக்கு சார்ஜ் குடுக்காது. ஒருநா இல்லாட்டி ஒருநா நடுரோட்டுல நிப்பே."

"நின்னா தள்ளிக்கிறேன் பாய்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

குழாய் இரண்டும் ஏறிய வண்டி ஊருக்குள் நுழைந்தபோது பையன்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். "ஏலே, காருக்கு ரெண்டு கொம்பு மொளச்சிருச்சுடா!" பக்கத்து வீட்டு மாமாவின் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. உறவு ஒன்றும் இல்லை என்றாலும் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அதனால் மாமா எனக்கு மச்சான். அவர்கள் நம் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் மல்லிகையும் கனகாம்பரமும் போட்டிருந்தார்கள்.

"அண்ணே, கொம்பு வச்ச மாடு வீட்டுக்கு வந்திருக்கு. தண்ணி காட்டவா?" என்றாள்.

"பெட்ரோலு காட்டு தாயி, புண்ணியமாப் போகும்."

அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். முதல் பிள்ளை இரண்டு வருஷத்துக்கு முன்பு பிறக்கும்போதே போய்விட்டது. அவளும் பிழைத்ததே பெரிது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்: இந்தத் தடவை ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், வலி வந்தபிறகு ஊரில் ஒரு நிமிஷமும் வைத்திருக்கக் கூடாது, முடிந்தால் இருபது நாள் முன்பே வந்து தங்கிவிடுங்கள் என்று.

மச்சான் என்னிடம் வந்து யோசனை கேட்டார். "போயிப் படுத்துக் கெடந்தா பூப் பறிக்க ஆளு இல்ல மச்சான். அங்க ஒருத்தரு கூட இருக்கணும், இங்க ஒருத்தரு இருக்கணும். என்ன செய்ய?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த வார்த்தை எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "வாசல்ல கார் நிக்கையில எதுக்கு மச்சான் அங்க போயிக் கெடக்கணும்? வலின்னு ஒரு சத்தம் குடுங்க, அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரி வாசல்ல எறக்குறேன். நான் இருக்கேன்ல?"

அவர் அதை நம்பினார். அவளும் நம்பினாள். டாக்டரிடம் போய், எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே கார் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அந்தச் சமயத்தில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

இரண்டு குழாய் போட்டதும் வேலை வந்தது. கொட்டகைக்காரர் என்னையே கூப்பிட்டார். ஆனால் பேட்டரி நாளுக்கு நாள் சோர்ந்தது. காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் முனகிவிட்டுத்தான் எடுக்கும். இரண்டு தடவை நடுவழியில் நின்று ஆட்கள் தள்ளிவிட்டார்கள். அடுத்த வாடகையில் பேட்டரி மாற்றிவிடலாம், அதற்கடுத்த வாடகையில் மாற்றிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை புதுப் படம். காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஒன்பது ஊர் சுற்றினேன். ஒவ்வொரு ஊரிலும் எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு பாட்டுப் போட்டு, கூட்டம் சேர்ந்ததும் மைக்கில் சொல்வேன். பெட்ரோல் மிச்சம் என்பது என் கணக்கு. கடைசி ஊரில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் டிக் என்ற சத்தம்கூட வரவில்லை. களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வந்து தள்ளினார்கள். எஞ்சின் பிடித்தது.

அதன் பிறகாவது நான் ஆம்பிளிபயரை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. நம் தெருவுக்குள் வரும்போது ஒரு பாட்டைப் போட்டு, சத்தத்தை முழுக்க வைத்தேன். அந்தத் தெருவுக்கு யாரும் எனக்குக் கூலி கொடுக்கவில்லை. நம் ஆட்கள் கேட்கட்டும் என்ற ஆசைதான். உங்கள் அம்மா பெரியவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். ஒரு கை இடுப்பில் இருந்தது. பாட்டு முடிகிற வரைக்கும் வாசலில் நிறுத்திப் போட்டுவிட்டு, பெட்ரோல் வீணாகப் போகிறதே என்று எஞ்சினை நிறுத்தினேன்.

கை கால் கழுவிச் சோற்றில் கை வைத்தேன். பாதிதான் சாப்பிட்டிருப்பேன். மச்சான் ஓடிவந்தார்.

"மச்சான், வலி வந்திருச்சு. காலையிலேயே லேசா இருந்திருக்கு, நீங்க வரட்டும்னு சொல்லாம இருந்திருக்கா. எடுங்க வண்டிய."

உங்கள் அம்மா போய் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின் சீட்டில் உட்கார வைத்தாள். நான் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். ஒன்றுமில்லை. முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. பேட்டரியில் உயிர் இல்லாத வண்டியில் பொறி எங்கிருந்து வரும்? தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து தள்ளினார்கள். நம் தெருவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, மேடும் கிடையாது, சரிவும் கிடையாது, கணுக்கால் அளவுக்கு மணல். மேற்கே தள்ளினார்கள், திருப்பிக் கிழக்கே தள்ளினார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே அவள் சத்தம் கேட்டது.

"தள்ளுங்கலே! நல்லா மூச்சுப் பிடிச்சுத் தள்ளுங்கலே!" என்று மச்சான் கத்தினார்.

அப்போது அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை.

"அண்ணே, நான் வேணும்னா எறங்கிக்கிறேன். கனம் கொறையும்ல?"

இறங்கினாள். உங்கள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரம் நின்றாள். நாங்கள் மறுபடியும் தள்ளினோம். எஞ்சின் ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான். கூரை மேல் குழாய் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

பக்கத்துத் தெருவிலிருந்து மாட்டு வண்டி வந்தது. மாட்டைக் காட்டிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவரவே நேரமாகிவிட்டது. வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தோம். இரண்டு மைல் மண் ரோடு. மெயின் ரோட்டுக்குப் போனால் பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸை எதிர்பார்த்துப் புளியமரத்தடியில் வண்டியிலேயே கிடந்தாள். காய்கறி ஏற்றிய ஒரு லாரிக்காரர் புண்ணியவான், நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

வாசலில் இருந்த நர்ஸ் அம்மாவுக்கு அவர்கள் இரண்டு பேரையும் ஞாபகம் இருந்தது. "கார் இருக்குன்னு சொன்னீங்களே? காரில வரலையா?" என்றார்கள். குற்றமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்கள். மச்சான் அவளைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. ஆண் பிள்ளை. அவள் விடிகிற வரை இருந்தாள்.

இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் வைத்துத்தான் கல்லறைக்குக் கொண்டுபோனோம். மச்சான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். வைதிருந்தால் தலையைக் குனிந்திருப்பேன். மண் போடும்போது என் பக்கத்தில்தான் நின்றார், என் கையில் மண் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை இந்த வண்டியில் கால் வைத்ததில்லை. மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நடப்பார். நான் பக்கத்தில் நிறுத்தினால், "நீங்க போங்க மச்சான், செத்த நேரத்துல பஸ்ஸு வந்துரும்" என்பார். அவ்வளவுதான் சொல்வார்.

குழாய் இரண்டையும் ஆம்பிளிபயரையும் பிறகு பாயிடமே கொடுத்துவிட்டேன். அவர் எதற்கென்று கேட்டார். சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொட்டகைக்காரர் மூன்று தடவை ஆள் அனுப்பினார், நான் போகவில்லை. வீட்டில் அடுப்பு எரிய நான் வேறு என்ன வேலையெல்லாம் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

பிள்ளைகளா, ரேடியோ இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான் என்று பெரியவன் சொல்வான். எனக்கும் தெரியும். அதனால் ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். ஆனாலும் வேண்டாம்.

இன்னும் ஒன்றை எழுதிவிட வேண்டும். அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் பேட்டரியைக் கழற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, டவுனுக்கு மிதித்துக்கொண்டு போய்ச் சார்ஜுக்குப் போட்டேன். மறுநாள் போய் எடுத்து வந்தேன். உங்கள் அம்மா குழந்தையோடு பக்கத்து வீட்டில் ஜெபத்துக்குப் போயிருந்தாள். ஊரே அங்கேதான் இருந்தது. நான் மட்டும் வாசலில் பேட்டரியை வைத்து, வயரை முறுக்கி, சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.

ஒரே அழுத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று உடனே நிறுத்தினேன்.