குழிக்கு ஒரு விழா

“கல்முனைக்குடிப் புள்ள மலையில ஊத்துத் தேடப் போகுதாம். கடல் தண்ணிய உட்டா இவக்கு வேற என்ன தெரியும்?”

நீர் அலுவலகத்தில் நான் சேர்ந்த அன்று, அதன் தலைவரான பெரிய சேர் சொன்னது இது. அலுவலகமே சிரித்தது. வாப்பா மீன் வியாபாரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்; பட்டமும் வாங்கியிருந்தேன். நானும் சிரித்துவிட்டு மலையடிக் கிராமத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஊற்று வற்றியிருந்தது. அதற்காக அலுவலகம் சும்மா இருக்கவில்லை. வற்றிய இடத்திலேயே ஒரு தொட்டி கட்டி, திறப்பு விழாவும் வைத்து, பெரிய சேரின் பெயர் பொறித்த கல்லும் பதித்திருந்தது. தொட்டிக்குள் ஓணான் குடியிருந்தது.

“இந்த மாரிக்கும் தண்ணி வரல்லெண்டா நாங்க ஊர உட்டுப் போறதான்கா,” என்றார் அந்த ஊர் ஹப்ஸா ராத்தா. வாளியோடு தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்குக் காத்திருந்தார்.

மேலே சரிவில் மரங்கள் இல்லை. மழை நிற்காமல் ஓடிவிடுகிறது. வரிசையாகக் குழிகள் வெட்டி நீரை மண்ணுக்குள் இறக்க வேண்டும். கூலி வாங்காமல் சிரமதானமாக வெட்ட ஊரார் தயார். ஆனால் சரிவு வன அலுவலகத்துக்குச் சொந்தம்.

“தண்ணி எங்கட வேலையில்ல, தங்கச்சி,” என்றார் வன அதிகாரி.

“மலை எங்கட வேலையில்ல,” என்றார் பெரிய சேர்.

மாரி நெருங்கியது. கடிதங்களுக்கு அசையாத இருவரும் விழா என்றால் வருவார்கள். ஒருவரை அழைத்தது மற்றவருக்குத் தெரியாமல் இருவரையும் பிரதம விருந்தினராக அழைத்தேன்.

“குழிக்கு என்னகா விழா?” என்றார் ராத்தா.

“வெறுந் தொட்டிக்கு வச்சாங்கதானே, ராத்தா.”

மண்வெட்டிக்கு நாடா கட்டினோம். மைக்கைப் பிடித்த வன அதிகாரி, சரிவை ஊருக்காகத் திறந்துவிடுவதாக அறிவித்தார். பெரிய சேர் விடுவாரா? குழி வெட்டும் செலவு முழுவதும் தங்களுடையது என்றார். கைதட்டல் ஓய்வதற்குள், சொன்னதை எழுதி நீட்டி இருவரிடமும் கையொப்பம் வாங்கினேன்.

ஊரே திரண்டு வெட்டியது. மாரியில் குழிகள் நிரம்பின. மழை விட்ட பின்னும் கற்களுக்கிடையே நீர் கசிந்துகொண்டிருந்தது, தொட்டிக்குச் சற்றுக் கீழே. ஓணானுக்குத் தொந்தரவு இல்லை. ராத்தா வாளியை அங்கே வைத்தார். ஊரை விடும் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

பெரிய சேர் புதிய பெயர்க்கல்லோடு வந்தார். “ஊத்து வாயில பதிப்பம்.”

“மேல, குழிகளுக்கு நடுவுல வைப்பம் சேர். உயரத்துல எடுப்பாத் தெரியும்.”

வைத்தார். இனி அந்தக் குழிகளை மூட யாருக்கும் துணிவு வராது.

நீருக்குச் சரிவில் குழி வேண்டும், அதிகாரிகளுக்கு மேடை வேண்டும். இரண்டையும் செய்து கொடுப்பதுதான் நான் கற்ற தொழில். அடுத்த கிராமத்துச் சரிவை அளந்துவிட்டேன். மருதமுனைக் கடையில் நாடாவும் வாங்கியாயிற்று.