மாத்திரையைச் சொல்லாத சாட்சி

ஆஸ்பத்திரி நர்ஸ் சிஸ்டர் தன் துணிப்பையிலிருந்து அந்தச் சிவப்பு அட்டைப்பெட்டியை எடுத்து எங்கள் வாசற்படியில் வைத்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. சின்னப் பிள்ளைகளின் செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். பக்கவாட்டில் நீல மையால் மராத்தி எழுத்தில் ஒருவருடைய பெயர். மழைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பெட்டியின் ஒரு மூலை நனைந்து ஊறியிருந்தது. சிஸ்டர் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு மூடியைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் காலி. மறுபக்கத்தில் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் வரிசையாக நின்றன. "தவாயி இதர் ஹை, ஆத்மி கிதர் ஹை?" என்று கேட்டார். மருந்து இங்கே இருக்கிறது, ஆள் எங்கே என்று. கோபமாகக் கேட்கவில்லை, களைத்துப்போய்க் கேட்டார். நான் சொல்லி அனுப்புகிறேன் என்று ஹிந்தியில் ஏதோ சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். ஆள் எங்கே என்று எனக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பதும் தெரியும்.

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள். இங்கிலீஷில் எழுதினால் உங்களுக்குச் சுலபம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு மனதில் இருப்பதை எழுத வேறு பாஷை இல்லை. மெதுவாக வாசியுங்கள். புரியாத இடத்தில் அம்மாவிடம் கேளுங்கள், அவளுக்கு எல்லாம் தெரியும்.

அந்தப் பெட்டியில் இருந்தது வெல்டர் அண்ணாச்சியின் பெயர். பெரியவளுக்கு அவரைக் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி உன்னை உட்காரவைத்து ஆளந்தி ரோடு முழுக்கச் சுற்றிக் காட்டியவர் அவர்தான். எங்கள் ஜில்லாக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் புனே ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஒரே முகம் அவருடையது. ஹடப்சரில் இரும்பு கேட், ஜன்னல் கிரில் அடிக்கிற ஒரு ஷெட்டில் வேலை பார்த்தார். விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளி அவரும் அவர் மனைவி மைனியும் குடியிருந்தார்கள். பிள்ளை இல்லை. மைனி ஒரு மராத்திப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தார். அண்ணாச்சி இருக்கிற இடத்தில் சிரிப்பு இருக்கும். போதகர் நரகத்தைப் பற்றி நீளமாகப் பிரசங்கித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் தெனமும் கருப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு அதப் பாத்துட்டுதான வாரேன், எனக்கு என்னத்துக்குப் பயங்காட்டுதாரு" என்றார். போதகரே சிரித்துவிட்டார்.

நம் சபைக்கு அப்போது சொந்த இடம் கிடையாது. ஒரு மராத்தி சபையின் கட்டடத்தை அவர்கள் காலை ஆராதனை முடித்துப் பூட்டிய பிறகு, சாயங்காலம் நாலு மணிக்கு நமக்குத் திறந்து விடுவார்கள். பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். அந்த வாரத்தில் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து நின்று எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அதை நடத்துகிற பொறுப்பு என்னிடம் இருந்தது. எவ்வளவு பெரிய பொறுப்பு என்று அன்றைக்கு எனக்கு ஒரு நினைப்பு. ஞாயிறு நெருங்க நெருங்க நல்ல சாட்சி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பேன். பரீட்சையில் பாஸ், ஊரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தது, இப்படிப்பட்டவை சப்பென்று இருக்கும். சபை அழுது துதிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசைப்படுவேன்.

அண்ணாச்சிக்கு இருமல் வந்தபோது வெல்டிங் புகைதான் காரணம் என்று எல்லாரும் நினைத்தோம். மைனி பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுத்துப் பார்த்தார். ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. நான்தான் அவரை முனிசிபல் தவாகானாவுக்கு, அதாவது இலவச ஆஸ்பத்திரிக்கு, கூட்டிப் போனேன். கோழையைச் சோதித்துவிட்டு டிபி என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் போய் சிஸ்டர் முன்னால் நின்று விழுங்க வேண்டும். அதன்பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. அவரவர் பெயர் எழுதிய சிவப்புப் பெட்டி அங்கேயே இருக்கும். உடம்பு தேறினதும் ஜனங்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தினால் நோய் முரடாகத் திரும்பி வரும், அப்புறம் மருந்துக்கு அடங்காது என்று சிஸ்டர் எங்கள் இரண்டு பேரிடமும் விளக்கிச் சொன்னார். எங்கள் இரண்டு பேரிடமும் என்பதைக் கவனியுங்கள். விலாசம் கேட்டபோது, வீட்டுக்காரனுக்குத் தெரிந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவான் என்று பயந்து, அண்ணாச்சி என் விலாசத்தைக் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் ஆள் தேறிவிட்டார். கன்னத்தில் சதை வந்தது. நம் வீட்டில் அம்மா வைத்த பாங்கடா மீன் குழம்பை மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். மறுபடி கோழையைச் சோதித்ததில் கிருமி இல்லை என்று வந்தது. அந்தச் சீட்டை அவர் என்னிடம் காட்டிய நிமிஷமே எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

"இன்னும் நாலு மாசம் மாத்திர கெடக்கு தம்பி. முடிச்சிட்டுச் சொல்லுவோமே" என்றார்.

"சீட்டுலயே எழுதிட்டான், இனி என்ன அண்ணாச்சி? மகிமையத் தள்ளிப்போடலாமா?"

"அப்பம் மாத்திரையையும் சேத்துச் சொல்லிருதேன்."

"அதெல்லாம் எதுக்கு? மாத்திரன்னு சொன்னா ஜனங்க மாத்திரையத்தான் நெனைப்பாங்க. ஆண்டவர் சுகமாக்கினாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

நான் சொன்ன அதே வார்த்தைகள் இவை. ஒன்றைக்கூட மாற்றவில்லை.

அவர் எழுந்து நின்று சொன்னார். கைக்குட்டையில் ரத்தம் வந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஆண்டவர் தன்னைப் பூரணமாகச் சுகமாக்கிவிட்டார் என்று சொல்லி முடித்ததும் அந்தக் கட்டடமே அதிர்ந்தது. மைனி தலையில் போட்ட முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அண்ணாச்சி சபையில் வேறு ஆளாகிவிட்டார். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போய் ஜெபிக்கச் சொன்னார்கள். அவரும் மறுக்கத் தெரியாமல் பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபிப்பார். கம்பிச்சூடு பட்டுத் தழும்பேறிய கை.

அதற்கு மூன்றாவது வாரம் இருக்கும். தளேகாவுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான் தவாகானா வழியாக நடந்தேன். வாசலில் வரிசை. அதில் அண்ணாச்சி, டிபன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்: "என்ன அண்ணாச்சி, சாட்சி சொல்லிட்டு இங்க வந்து நிக்கிய? நம்ம ஆளுக யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?"

விளையாட்டாகச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதிதான் விளையாட்டு. அந்தச் சாட்சி நான் ஏற்பாடு செய்தது. அதில் ஓட்டை விழுந்துவிடக்கூடாது என்கிற பயம் மீதிப் பாதி. அவர் முன்னால் நின்றவரையும் பின்னால் நின்றவரையும் ஒருமுறை பார்த்தார். "சும்மாதான் தம்பி, கால்ல கம்பி குத்திட்டு, அதுக்கு ஊசி போடலாம்னு" என்றார். பிறகு வரிசையை விட்டு விலகி என்னோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்தார். கால் நொண்டவில்லை. இரண்டு பேரும் மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டு போனோம்.

மழை வந்தபோதுதான் சிஸ்டரும் வந்தார். மூன்று வாரமாக ஆள் வரவில்லையாம். சிஸ்டர் நம் ஜனமில்லை, நம் சபையில்லை, அவர் கழுத்தில் கருமணித் தாலி இருந்தது. வராமல் நின்றுவிட்ட ஒரு ஆளைத் தேடி அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு சேற்றில் சந்து சந்தாக நடந்து வந்தது அந்த அம்மாள்தான். காணாமற்போன ஒன்றைத் தேடிப் போகிற மேய்ப்பனைப் பற்றி நான் சபையில் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! என் வாசற்படியில் அது நடந்தபோது எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியிடம் போய் சிஸ்டர் வந்ததைச் சொன்னேன். "நான்தான் சொகமாயிட்டேனே தம்பி. நீயும் சொன்னேல்லா" என்றார். அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. போங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் காலையில் போயிருப்பார் என்று இப்போது தெரிகிறது. நான் சொல்லவில்லை. அவருடைய விசுவாசம் பெரியது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா கேட்டாள், "போகச் சொன்னீங்களா?" நான் சோறு போடச் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இருமல் திரும்பி வந்தது. சபையில் இருமல் வந்தால் வெளியே போய் மாமரத்தடியில் இருமிவிட்டு வந்து பாட்டில் சேர்ந்துகொள்வார். யாரும் பார்க்காததுபோல இருந்தார்கள். பார்த்தால் சாட்சி பொய்யாகிவிடும் அல்லவா? ஷெட்டில் மயங்கி விழுந்த பிறகுதான் மறுபடி மருந்து, தினமும் ஊசி. அந்த ஊசியால் காது மந்தமானது. சிஸ்டர் சொன்னதுபோலவே நோய் அடங்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில், சைக்கிள் பாரில் சுற்றின துண்டு மாதிரிக் கிடந்தார்.

ஒருநாள் மத்தியானம் மைனி தண்ணீர் பிடிக்கப் போனபோது என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். காது கேட்காததால் அவருக்கே தெரியாமல் சத்தமாகப் பேசினார். வார்டே திரும்பிப் பார்த்தது. "தம்பி, மாத்திரையும் அவரு குடுத்ததுதான்னு நாம சொல்லாமப் போயிட்டோமே. என் சாட்சி பாதில நிக்கி. மிச்சத்த நீ சொல்லிரு." நீ என்று சொல்லியிருக்கலாம். நாம என்று சொன்னார்.

அடுத்த மழை தொடங்கிய வாரம் இறந்துபோனார். அடக்கத்துக்கு ஷெட் ஆட்கள் லாரியில் வந்தார்கள். மைனி என்னிடம், "காலைல டிபன கட்டிக்கிட்டு மாத்திர முழுங்கத்தான் போறேன்னு சொல்லிட்டுப் போவாரு தம்பி. நிறுத்தினது எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்துவிட்டேன். பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்தேன். எட்டு வருஷம் அந்த மிச்சத்தை வாயில் வைத்துக்கொண்டே நற்கருணை வாங்கினேன்.

பிறகு எனக்கே இருமல் வந்தது. உங்களிடம் நெஞ்சுச் சளி என்று சொன்னோம், அது டிபிதான். அதே தவாகானா, அதே வரிசை, சிஸ்டர் மட்டும் வேறு ஆள். ஒருநாள் நம் சபைக்காரர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, "என்ன பிரதர், இங்க?" என்றார். காலில் கம்பி குத்திவிட்டது என்று சொல்லவே நாக்கு வளைந்தது. "டிபி. மாத்திர முழுங்க வந்தேன்" என்றேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அந்த ஞாயிறு எழுந்து நின்றேன். மைனி மூன்றாவது வரிசையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: மாத்திரையைச் சொல்ல வேண்டாம் என்றது, வரிசையில் வைத்துச் சிரித்தது, சிஸ்டர் வந்தது, நாம என்று அவர் சொன்னது. ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. மைனி எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஒரு மாதம் அவர் சபைக்கு வரவில்லை. நானும் அவர் வீட்டுக்குப் போகத் துணியவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை காலை, சிஸ்டர் என் கையில் மாத்திரைகளைக் கொட்டினபோது, பள்ளிக்கூட யூனிபார்ம் சேலையில் மைனி பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ம், முழுங்குங்க. நான் பாக்கணும்."

விழுங்கினேன்.

"வாயத் தொறங்க."

திறந்து காட்டினேன். போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்க எனக்கு வாய் ஏது? ஆண்டவர் மன்னிக்கிறவர் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதை நம்புகிறேன். ஆனால் அந்தக் காலைகளில் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு பாட்டில் தண்ணீர்தான். அதைக் குடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறேன். யாராவது மாத்திரை விழுங்குவதைப் பார்த்தால் விசுவாசம் குறைந்தவர் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு நான் விட்டுப்போகிற பாடம் இவ்வளவுதான்.

அலமாரிக்கு மேலே இருக்கிற பழைய சிவப்புப் பெட்டியை ஏன் எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்று சின்னவன் கேட்டாயே, அது என்னுடைய பெட்டி. கடைசி அட்டை தீர்ந்த அன்று சிஸ்டரிடம் கேட்டு வாங்கி வந்தேன். அன்று வெளியே வந்ததும் மைனி அதை என் கையிலிருந்து வாங்கினார். பக்கவாட்டில் எழுதியிருந்த என் பெயரைப் பார்த்தார். மூடியைத் திறந்து, காலியாக இருந்த உள்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவரு பெட்டில எவ்வளவு மிச்சம் கெடந்துச்சு?"

"பாதி, மைனி."

மூடியைச் சரியாகப் பொருத்தி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நடந்தார்.