மான்களைக் கூப்பிட்ட குரல்

மரம் வளர்க்கத்தான் விசா என்றார்கள். எதற்காக என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஷார்ஜா தொழிற்பேட்டையில் சொட்டுநீர் டிரிப் பைப் விற்கும் கடையில் ஸ்டோர் வேலை பார்க்கிறேன். புதிதாகத் தோட்ட வேலைக்கு வரும் பையன்கள் வால்வு வாங்க வரும்போது, அந்த வேலை எப்படி அண்ணே என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதர்தான் வேணும்

அபுதாபி நகரத்தைத் தாண்டி, பாலைவனத்தில் வேலி போட்ட பெரிய தனியார் தோட்டம் அது. உள்ளே வன்னி மரமும் இலந்தையும். வன்னிக்கு அங்கே காஃப் என்று பேர். எங்கள் கமுதிப் பக்கத்து மரத்தை அரபு நாட்டில் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி எனக்குச் சந்தோஷம். அந்த மரங்களுக்கு நடுவே முதலாளி வெளிநாட்டிலிருந்து இறக்கிய புள்ளிமான்கள் திரிந்தன.

மேனேஜர் நாகர்கோவில்காரர், செல்வின் சார். முதல் நாள் நான் வாளால் ஒரு காய்ந்த கிளையை அறுக்கப் போனபோது ஓடி வந்து தடுத்தார்.

"கீழ்க்கொப்புல கை வச்சிராதடே. புதரா கெடக்கட்டும். மறைவிடம் இருந்தாத்தான் மான் தங்கும், குட்டி போடும்."

சரி, நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். மரத்துக்கு மரம் டிரிப் லைன் இழுத்தோம். அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம். சொட்டுவாய் அடைத்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றாகக் கழற்றி ஆசிட்டில் ஊறவைக்க வேண்டும். வெயில் காலத்தில் அதைச் செய்து பார்த்தவனுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். கூட இருந்தது ரஹீம் பாய் மட்டும். பங்களாதேஷ்காரர், டேங்கர் ஓட்டுவார். தண்ணீர்த் தொட்டி கட்டினோம். ஜத்து என்று அங்கே சொல்லும் குதிரைமசால் புல்லைத் தினமும் பிக்கப்பில் கொண்டுபோய்ப் போட்டேன். நாலு வருஷத்தில் மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. உள்ளே மான் நின்றால் பத்தடி தூரத்தில் இருப்பவனுக்குத் தெரியாது.

ஆரம்பத்தில் மான்கள் என்னைக் கண்டாலே ஓடும். எனக்குத் தெரிந்தது ஆட்டைக் கூப்பிடுவதுதான். நாக்கை மடித்து ஒரு சொடக்கு, பிறகு "பா... பாபாபா..." என்று இழுத்துக் கூப்பிடுவேன். கொஞ்ச மாதத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் மந்தையாக ஓடி வந்து வண்டியைச் சுற்றி நிற்க ஆரம்பித்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடியோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். ஊரெல்லாம் பார்த்தார்கள், செல்வின் சாரும் பார்த்தார். "சூப்பர்டே, எனக்கும் அனுப்பு" என்றார். அனுப்பினேன். அனுப்பாமல் என்ன செய்வேன், மேனேஜர் பாராட்டுகிறார்!

மேடை

ஒருநாள் அபுதாபி பக்கத்து முசஃபா பட்டறையிலிருந்து லாரியில் ஒரு இரும்பு மேடை வந்திறங்கியது. தொட்டிக்கு எதிரே நிறுத்தச் சொன்னார்கள். விருந்தாளிகள் மான் பார்க்க என்றார்கள். கூட வந்த வெல்டர் மேடையில் ஏறி, உட்கார்ந்தால் நெஞ்சளவு வரும் இடத்தில் குறுக்கே ஒரு கம்பியைப் பற்றவைத்தான். எதற்கு என்று கேட்டேன். துப்பாக்கியைச் சாத்திக் குறிபார்க்க என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பற்றுக்குப் போய்விட்டான்.

நான் ஒன்றும் சைவம் இல்லை, கிடாவெட்டுக்கு முதல் பந்தியில் உட்காருகிறவன். ஆனால் மறைவிடம், குட்டி, தண்ணீர் என்று நாலு வருஷம் என்னை வேலை வாங்கியது இதற்கா?

குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். காலையிலிருந்து மேடையில் காத்திருந்தார்கள். ஒரு மான்கூட வெளியே வரவில்லை. புது வண்டிகளின் சத்தத்தில் எல்லாம் புதருக்குள் போய்ப் படுத்துவிட்டன. நான் வளர்த்த புதர் ஒன்றைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. செல்வின் சார் நான் இருந்த பம்ப் ரூமுக்கு வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

"ஒரு சத்தம் குடுடே. உன் சத்தத்துக்குத்தான் வரும்."

"அது தீனிக்குக் கூப்பிடுற சத்தம் சார்."

"இன்னைக்கும் தீனின்னு நெனச்சுக்கோயேன்."

"என்னால முடியாது சார். விசாவைக் கேன்சல் பண்ணி அனுப்புனாலும் சரி."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செல்போனைத் தடவிக்கொண்டே வண்டிக்குப் போனார். மாட்டேன் என்று சொல்லிவிட்டோமே என்று நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். மடையன்.

கொஞ்ச நேரத்தில் மேடைப் பக்கமிருந்து என் குரல் கேட்டது. நாக்குச் சொடக்கு, "பா... பாபாபா..." நான் அனுப்பிய வீடியோதான், வண்டி ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில். நான் ஓடினேன். பாதி வழியில் முதல் வெடி கேட்டது. நின்றுவிட்டேன்.

விழுந்ததையெல்லாம் பிக்கப்பில் ஏற்றச் சொன்னார்கள். ஜத்து ஏற்றுகிற அதே பிக்கப். ரஹீம் பாயும் நானும் ஏற்றினோம். தீனி என்று நம்பி வந்து வெறும் வாயோடு செத்திருந்தன.

விரட்டல்

இனி மான்கள் வராது என்றுதான் நினைத்தேன். மறுநாள் தீனியை இறக்கிவிட்டு, வாயைத் திறக்காமல் நின்றேன். மிச்சம் இருந்தவை வண்டியைப் பார்த்ததும் தானாகவே வந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் தகரத்தைத் தட்டினேன், மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். தள்ளிப் போய் நின்று என்னையே பார்த்தன. வாரக்கணக்கில் விரட்டினேன். என் வண்டியைக் கண்டால் ஓடுகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். செல்வின் சாருக்கு விஷயம் எட்டியது. அந்த மாதமே கலாஸ், வேலை முடிந்தது என்று என்னை அனுப்பிவிட்டார்கள். போகும்போது தோளில் தட்டி, "நல்லா மரம் வளத்த, அதுல கொறையே இல்ல" என்றார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தம்பிகளா, வேலையை நல்லபடியாகச் செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எதற்கு இந்த வேலை என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். முடியாது என்று சொல்வதைக் காலத்தோடு சொல்லுங்கள். நான் சொன்னபோது அவர்களுக்கு நான் தேவைப்படவே இல்லை.

போன வாரம் ரஹீம் பாய் போன் பண்ணினார். புது ஆள் வந்திருக்கிறானாம். அவனுக்குக் கூப்பிடத் தெரியாதாம், அதனால் தினமும் தீனி போடும்போது என் வீடியோவைத்தான் ஓடவிடுகிறார்களாம். பயந்து கிடந்த மான்கள் மறுபடி பழகிவிட்டனவாம். என்னைத்தான் அனுப்பினார்கள். என் குரல் இன்னும் அங்கே டியூட்டி பார்க்கிறது.