வாரத்துக்கு ஒரு சங்கிலி

கமலாத்தாள் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்ததே ஒரு தப்பைக் கண்டுபிடித்ததால்தான். 1969இல் சித்தப்பா மகளின் கல்யாணப் பத்திரிகையை வாங்கி வர, கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த ஆறுமுகசாமியின் அச்சகத்துக்குப் போனாள். பத்திரிகை இன்னும் அச்சேறவில்லை. ஈய எழுத்துகள் கோத்த சட்டம் மேசைமேல் கிடந்தது. அச்சில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கும். கமலாத்தாள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, மாப்பிள்ளை பேருல ஒரு 'ன்' கொறயுதுங்க" என்றாள்.

ஆறுமுகசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுத்துக் கோக்கும் அவருடைய கம்பாசிட்டரே கவனிக்காத பிழை அது. இரண்டு மாதம் கழித்து அந்தக் கம்பாசிட்டர் கோயம்புத்தூருக்குப் போய்விட, ஆறுமுகசாமி நேராக ராக்கப்பனின் சைக்கிள் கடைக்குப் போனார். ராக்கப்பன் கமலாத்தாளின் கணவன். அதே வரிசையில் நாலு கடை தள்ளிப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். "உன்ற பொண்டாட்டிய வேலைக்கு அனுப்பறயா?" என்று அவர் கேட்டதற்கு, "அத அவகிட்டத்தான் கேக்கோணுங்க" என்று சொல்லிவிட்டான்.

கேட்ட உடனே வந்துவிட்டாள். பத்தாவது படித்தவள். தமிழும் மலையாளமும் தெரியும், இங்கிலீஷ் எழுத்தும் தெரியும். அந்த ஊருக்கு மூன்றுமே தேவைப்பட்டன. கல்யாணத்துக்குத் தமிழ், பஞ்சாயத்துக்கு மலையாளம், ரப்பர் ஸ்டாம்புக்கு இங்கிலீஷ். எழுத்துக் கோப்பதைவிட அவளுக்கு அதிகம் பிடித்தது காலால் மிதித்து ஓட்டும் அந்த டிரெடில் எந்திரம்தான். அப்பா வீட்டுக் கிணற்று மோட்டாரைப் பதினாலு வயதிலேயே பிரித்து மாட்டியவள் அவள். எந்திரத்தில் எங்காவது சத்தம் மாறினால் காது அந்தப் பக்கம் போய்விடும்.

1976 ஜனவரியில், குடியரசு தினத்துக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, ஒரு ஜீப் வந்து நின்றது. மிக்கேல்ராஜ் என்பவர் இறங்கினார். எல்லைக் கிராமங்களில் சயரோகம் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஒரு தொண்டு அமைப்பின் பொறுப்பாளர் அவர். ஜீப்பின் பின்னால் கட்டுக் கட்டாகப் பழுப்பு நிறக் கெட்டி அட்டை உறைகள் இருந்தன. ஒவ்வொரு நோயாளியின் படமும் சீட்டும் வைப்பதற்கான உறைகள்.

"ரெண்டாயிரத்து நானூறு உறை. ஒன்றிலிருந்து வரிசையாக எண் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அவர்கள் வர வேண்டிய தேதியும் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பேர். பிப்ரவரி ரெண்டாம் தேதி திங்கட்கிழமை தொடக்கம். வியாழக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்வேன். ஊர் ஊராக உறைகளை முன்னாலேயே கொடுத்தால்தான் சனங்கள் அவரவர் நாளில் வருவார்கள்" என்றார் மிக்கேல்ராஜ். சேதாரத்துக்கு நூறு உறை கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்.

எண் அடிப்பது சிரமமில்லை. அச்சகத்தில் இரண்டு நம்பரிங் மிஷின்கள் இருந்தன. தீப்பெட்டியைவிடச் சின்னவை. டோக்கன் சீட்டுகளை இரண்டிரண்டாக அடிப்பதற்கென ஆறுமுகசாமி வாங்கியவை. எழுத்துகளோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டிவிட்டால், ஒவ்வொரு முறை தாள் வந்து அழுத்தும்போதும் அதன் குமிழ் உள்ளே போய், எண் தானாக ஒன்று கூடும். தேதிதான் தொல்லை. நாற்பது உறைக்கு ஒரு தரம் எந்திரத்தை நிறுத்திச் சட்டத்தைக் கழற்றி, தேதி எழுத்தை மாற்றி மறுபடி பூட்ட வேண்டும். அறுபது நாளுக்கு அறுபது தரம்.

அன்று மத்தியானம் கமலாத்தாள் அப்படித்தான் தொடங்கினாள். முதல் நாற்பது நன்றாக வந்தன. சட்டத்தைக் கழற்றி மாட்ட இருபது நிமிடம் ஆயிற்று. இரண்டாவது நாற்பதில் எண்கள் சாய்ந்து கோட்டுக்கு வெளியே போயின. மறுபடி கழற்றியபோது சட்டம் கைநழுவி, எழுத்தெல்லாம் தரையில் கொட்டி மேசைக்கடியில் ஓடிற்று.

ஆறுமுகசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மணி, இது நம்மளால ஆவாது. நம்பர மட்டும் அடிச்சுக் குடுத்துப் போடலாம். தேதிய அவங்களே கையில எழுதிக்கட்டும்."

"வேண்டாமுங்க. கையில எழுதப் போயித்தான மருதாத்தாக்காவுக்கு அப்பிடி ஆச்சு?"

மருதாத்தாள் கமலாத்தாளின் அடுத்த வீட்டுக்காரி. முந்தின வருஷம் வேறு யாரோ நடத்திய ஒரு முகாமில், கையால் எழுதிய 11 என்ற எண் 17 மாதிரி தெரிந்ததில் படம் மாறிப்போனது. ஒரு நோயும் இல்லாத மருதாத்தாள் மூன்று மாதம் ஊசி போட்டுக்கொண்டாள். வீட்டில் அவள் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டார்கள். பேரக்குழந்தையைத் தொடவிடவில்லை. படம் மாறியது தெரிந்த பிறகும் வீட்டாரின் பயம் போகவில்லை. நிஜமாகவே நோய் இருந்த ஆள் அந்த மூன்று மாதமும் சந்தையில் இருமிக்கொண்டே திரிந்தான். ஆறுமுகசாமிக்கும் அந்தக் கதை தெரியும். அவர் கீழே குனிந்து எழுத்துகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஐந்து மணிக்குக் கமலாத்தாள் சைக்கிள் கடைக்கு வந்தாள். ராக்கப்பன் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தான். முன்னால் தள்ளினால் சக்கரம் சுற்றியது. பின்னால் இழுத்தால் சக்கரத்தைத் திருப்பாமல் உள்ளே கிட்கிட்டென்று மட்டும் சத்தம் வந்தது.

அவள் அப்படியே நின்றாள். "இன்னொருக்கா ஆட்டுங்க."

"எதுக்கு?"

"ஆட்டுங்கன்னா!"

அவன் ஆட்டினான். முன்னால் போனால் நகர்கிறது. பின்னால் வந்தால் நகர்ந்தது அப்படியே நிற்கிறது. டிரெடில் எந்திரத்தின் கையும் இதேபோலத்தானே முன்னும் பின்னும் போகிறது! ஒரு உறை அடிக்கும்போது ஒரு பல் நகர்ந்தால், நாற்பது உறைக்கு நாற்பது பல். நாற்பது கண்ணி உள்ள ஒரு சங்கிலி வளையம் சரியாக ஒரு சுற்றுச் சுற்றி வரும். அதில் ஒரு கண்ணியில் மட்டும் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருந்தால்?

அவள் சங்கிலியைத் தொட்டுக் காட்டினாள். "மாமா, அந்த இன்னொரு நம்பரிங் மிஷின் சும்மாதான் கெடக்குது. அதத் தேதிக்கு வெச்சர்லாம். தாளு அமுத்தாத மாதிரி அதோட குமிழ மடக்கிப் போடோணும். ஆணி வர்றப்ப மட்டும் ஒரு கம்பி வந்து அமுத்தோணும். அப்பத் தேதி தானா மாறும். நிறுத்தவே வேண்டாம்!"

ராக்கப்பன் கையைத் துடைத்துக்கொண்டு, தூக்கிப் போட்ட சங்கிலிகள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்தான்.

புதன்கிழமை காலை கடை திறக்கும் முன்பே இருவரும் அச்சகத்தில் இருந்தார்கள். ராக்கப்பன் சைக்கிளின் பின்பல்சக்கரத்தை எந்திரத்தின் பக்கவாட்டில், அதன் கை ஒருமுறை போய் வந்தால் ஒரு பல் நகரும்படி முடுக்கினான். கமலாத்தாள் நாற்பது கண்ணியை எண்ணி வளையமாக மாட்டினாள். குடைக்கம்பியை வளைத்துத் தேதி மிஷினின் குமிழுக்குமேல் நிற்கும்படி கட்டினாள். நல்ல உறையை வீணாக்க மனமில்லாமல் பழைய நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் அடித்துப் பார்த்தாள்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. ஆணி வந்தது. கம்பி இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். நாற்பத்தொன்றாவது தாளை எடுத்து ஆறுமுகசாமி வெளிச்சத்தில் பிடித்தார். தேதி மூன்று!

"மாறிப் போச்சு அம்மணி! மாறிப் போச்சு!" என்று அவர் கத்தியதில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கமலாத்தாள் மிதிப்பதை நிறுத்தவில்லை. எண்பத்தொன்றில் நான்கு. நூற்றிருபத்தொன்றில் ஐந்து. அவள் சிரித்துக்கொண்டே மிதித்தாள்.

தாள்களை அடுக்கிக் கொடுக்க மருதாத்தாளும் வந்திருந்தாள். இருநூற்று நாற்பத்தொன்றாம் தாளைக் கையில் எடுத்தவள், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, எட்டாந்தேதி ஞாயித்துக்கெழமை ஆச்சே. அன்னைக்கும் வண்டி வருமா?"

எந்திரம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை முகாம் கிடையாது என்பதை யாருமே நினைக்கவில்லை. இப்படியே அடித்திருந்தால் நாற்பது பேர் வேலையை விட்டுவிட்டு வந்து வெறும் ரோட்டில் நின்றிருப்பார்கள். அதற்கப்புறம் எல்லாத் தேதியும் ஒருநாள் பிசகியிருக்கும்.

"வாரக் கடைசியில மட்டும் நிறுத்தி நீ கையால ஒருக்கா அமுத்திக்கயேன்" என்றார் ஆறுமுகசாமி.

"மறந்துட்டா?" என்றாள் கமலாத்தாள். அவள் கண் சங்கிலியிலேயே இருந்தது. உதடு எதையோ எண்ணியது. "மொதலாளி, சங்கிலிக்கு ஒரு நாளுதானுங்க தெரியுது. ஒரு வாரம் தெரியற மாதிரி பண்ணிப் போட்டா? ஆறு நாளு, நாப்பது நாப்பதா, எரநூத்து நாப்பது கண்ணி. அஞ்சு நாளைக்கு ஒவ்வொரு ஆணி. சனிக்கெழமை கண்ணியில மட்டும் ரெண்டு ஆணி. ஒண்ணு ஞாயித்துக்கெழமைக்கு, இன்னொண்ணு திங்கக்கெழமைக்கு. ஒரே இழுப்புல ரெண்டு தேதி தாண்டிரும்!"

ராக்கப்பன் வாயைப் பிளந்தான். "எரநூத்து நாப்பதா? ஆனைக்கா சைக்கிள் பண்ணப் போற?"

ஆனாலும் ஓடினான். கடையில் இருந்த சங்கிலியெல்லாம் போதவில்லை. தன் சொந்த சைக்கிளின் சங்கிலியையும் கழற்றிக்கொண்டு வந்தான். மூன்று சங்கிலிகளை ஒன்றாகக் கோத்ததும் அது எந்திரத்திலிருந்து தரைவரை தொங்கிற்று. தொங்கலில் ஒரு பழைய பல்சக்கரத்தைக் கனத்துக்கு மாட்டினார்கள். கமலாத்தாள் கண்ணிகளை மூன்று முறை எண்ணினாள். மருதாத்தாள் தனியாக ஒருமுறை எண்ணிச் சரி என்றாள்.

மறுபடி நோட்டீஸ் தாள். இருநூற்று நாற்பதாவது தாள், தேதி ஏழு, சனிக்கிழமை. இரட்டை ஆணி வந்தது. 'டக் டக்'. அடுத்த தாளில் எண் இருநூற்று நாற்பத்தொன்று. தேதி ஒன்பது.

நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆறுமுகசாமி எதிர்க்கடைக்கு ஆளனுப்பிச் சாயா வரவழைத்தார். கமலாத்தாள் அதைக் குடிக்கக்கூட இல்லை. எண்ணையும் தேதியையும் சங்கிலியையும் முதலுக்குத் திருப்பி, நல்ல உறையை எடுத்து வைத்தாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு மிதிக்கத் தொடங்கினாள். கால் மாற்றிக் கால், ஒரு கை உறையை வைக்க, மறு கை எடுக்க. அவளுக்குக் கால் ஓய்ந்தபோது ராக்கப்பன் மிதித்தான். இரண்டே இடத்தில்தான் நிறுத்த வேண்டி வந்தது. தொள்ளாயிரத்து அறுபதில் பிப்ரவரி முடிந்தது. மாதத்தின் எழுத்தை மாற்றித் தேதியை ஒன்றுக்குத் திருப்பினாள். இரண்டாயிரத்து நாற்பதில் மார்ச் முடிந்தது. மறுபடி அதே வேலை. ஐந்தரை மணிக்குக் கடைசி உறை விழுந்தது. எண் 2400. தேதி ஏப்ரல் பத்து. மருதாத்தாள் காலண்டரைப் புரட்டினாள். "சனிக்கெழமை!" என்று கத்திவிட்டுக் கமலாத்தாளைக் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை வந்த மிக்கேல்ராஜ் கட்டுகளின் நடுவிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பத்து உறைகளை உருவினார். ஒவ்வொன்றையும் தம் டைரியோடு ஒப்பிட்டார். பத்தும் சரியாக இருந்தன.

"அறுபது தடவை தேதி மாற்றினீர்களா?" என்று ஆறுமுகசாமியைக் கேட்டார்.

"எங்க கமலாத்தாகிட்டக் கேளுங்க" என்றார் அவர்.

கமலாத்தாள் வாயால் சொல்லாமல் எந்திரத்தை ஓட்டியே காட்டினாள். மிக்கேல்ராஜ் அந்தச் சங்கிலி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும்வரை அசையாமல் நின்று பார்த்தார். இரட்டை ஆணி தாண்டியபோது சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினார்.

முகாம் ஏப்ரல் பத்தாம் தேதி முடிந்தது. ஒரு படம்கூட மாறவில்லை. நாற்பத்து மூன்று பேருக்கு நோய் தெரியவந்தது. அத்தனை பேருக்கும் சரியான நேரத்தில் மருந்து போய்ச் சேர்ந்தது. மருதாத்தாள் தன் உறையோடு முதல் நாளே போய் நின்று படம் எடுத்துக்கொண்டாள். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிய சீட்டை வீட்டு வாசலில் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். மருமகள் அன்றே தட்டையும் டம்ளரையும் எடுத்து மற்றவற்றோடு வைத்தாள்.

விஷயம் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. மே மாதம் அங்கிருந்து செங்கோட்டையன் என்ற அச்சகக்காரர் வந்தார். சங்கிலியை அவருக்குக் காட்ட ஆறுமுகசாமிக்கு அவ்வளவு விருப்பமில்லை. "தொழிலு ரகசியம் அம்மணி" என்று காதோடு சொன்னார். கமலாத்தாள் கேட்கவில்லை. யாரோ ஒருவர் வந்து கேட்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. வரைபடம் எதுவும் அவளிடம் இல்லை. அதனால் வாயால் சொன்னாள். செங்கோட்டையன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"மொதல்ல ஒரு நாளைக்கு எத்தன உறைன்னு பாருங்க. அத்தன கண்ணி எண்ணுங்க. கடைசிக் கண்ணியில ஒரு ஆணி. மறுபடி அத்தன கண்ணி, ஒரு ஆணி. லீவு நாளுக்கு முந்தின நாளு ரெண்டு ஆணி. வாரம் முடிஞ்சா மொதக் கண்ணியில கொண்டுபோய்க் கோத்துருங்க. மாசம் முடிஞ்சா மட்டும் நிறுத்துங்க."

"ரெண்டு நாள் சேர்ந்து லீவு வந்தா?"

"மூணு ஆணி."

அவர் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஓரிடத்தில் கடைசிக் கண்ணி என்பதை முதல் கண்ணி என்று எழுதியிருந்தார். அதைத் திருத்தவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கமலாத்தாள் பேருக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. அச்சகத்துக்கு அவள் பேரில் வந்த முதல் கடிதம் அதுதான். ஆறுமுகசாமியே வாசலில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பொள்ளாச்சி முத்திரை. பின்பக்கம் இரண்டே வரி: "அம்மா, உங்கள் சங்கிலி இங்கே ஓடுகிறது. எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு, அதற்கும் ஆணி அடித்துவிட்டேன்."

கமலாத்தாள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மை படிந்த கையோடு, அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ராக்கப்பனிடம் காட்டச் சைக்கிள் கடைக்கு ஓடினாள்.