அன்னத்துக்குப் பிறந்த இரட்டையர்

நிகாசோ கிரேக்க நாட்டு ஸ்பார்த்தாவில் ஒரு முட்டைக்கு வேலைக்காரி. கோயில் கூரையிலிருந்து நாடா கட்டித் தொங்கவிட்ட அந்த முட்டையிலிருந்துதான் பேரழகி ஹெலன் பிறந்தாளாம். அதைத் துடைப்பதும் கீழே பெருக்குவதும் நிகாசோவின் வேலை.

ஹெலனின் தாய் அரசி லீடாவிடம், இடியை எறியும் சீயஸ் தேவன் அன்னப்பறவையாக வந்தான். அன்றிரவே புருஷன் திண்டாரியஸும் வந்தான். பிறந்த நான்கில் ஹெலனும் ஒரு அண்ணனும் தேவனுடையவர்கள், சகோதரி கிளிதம்னெஸ்திராவும் இன்னொரு அண்ணனும் மனிதனுடையவர்கள் என்று பெரியவர்கள் பங்கு பிரித்துவிட்டார்கள். எதை வைத்துப் பிரித்தார்கள் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. அரண்மனைச் சங்கதி என்பதால் அது வம்சப் பெருமையாகிவிட்டது.

நிகாசோ அடிமைக் குடியில் பிறந்தவள். எசமான் தாமோனாக்ஸ் அவள் படுத்திருந்த கொட்டிலுக்கு வந்தபோது சிறகு எதுவும் கட்டிக்கொண்டு வரவில்லை. அவளுக்கு ஆணும் பெண்ணுமாக இரட்டை பிறந்தது. இரண்டும் அவனை உரித்து வைத்திருந்தன. தன் பெயரைச் சொன்னால் நாக்கு இருக்காது என்று முன்பே எச்சரித்திருந்தான். அவன் மனைவி கிளியோதிகா பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள். சாகட்டும் என்று மலைச்சரிவில் போட்டுவிட்டு வரச் சொன்னாள்.

நிகாசோ மலைக்குப் போகவில்லை. ஹெலன் திருநாளன்று பிள்ளைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு வழக்கம்போலக் கோயிலைப் பெருக்க வந்தாள். அங்கே ஊர்ப் பெண்கள் எல்லார் முன்னாலும் கிளியோதிகா வழிமறித்தாள்.

“இன்னும் போடலையா? யாருக்குடி பெத்த இதுங்கள?”

“அன்னம் வந்துச்சும்மா.”

சிரிப்பு கிளம்பியது. தலைக்கு மேல் முட்டை தொங்குவது நினைவுக்கு வந்து பாதியில் நின்றது.

“அன்னமா இருக்காது, வாத்தா இருக்கும்,” என்றாள் கிளியோதிகா.

“இருட்டுல சரியாத் தெரியலம்மா. உங்க வீட்டுப் பக்கமிருந்துதான் வந்துச்சு.”

பூசாரியம்மா தெலெசிப்பா முன்னால் வந்தாள்.

“அடிமைச் சிறுக்கியத் தேடியா தேவன் வருவான்?”

“பறவைக்குக் குலம் கோத்திரம் யாரு தாயே சொல்லிக் குடுத்தா?”

மறுத்தால் லீடா கதையும் சேர்ந்து ஆடும். தெலெசிப்பா யோசித்தாள்.

“சரிடி. இரட்டைன்னா ஒண்ணு தேவனுது, ஒண்ணு மனுஷனுது. அதுதான் நம்ம வழக்கம். தேவனுது கோயிலுக்கு. மத்தது மலைக்கு. எது எதுன்னு சொல்லு.”

இரண்டையும் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் ஒன்றைத் தின்னப் பார்த்தது. நிகாசோ கூடையைத் தூக்கிப் பூசாரியம்மாவின் காலடியில் வைத்தாள்.

“எனக்குத் தெரியல தாயே. மலைக்குப் போறத நீங்களே உங்க கையால எடுங்க. எடுத்தது தப்பாப் போயி, இடி போடுறவரு எம்புள்ள எங்கன்னு கேட்டா, நான் எடுக்கலன்னு சொல்லிக்கிறேன்.”

தெலெசிப்பாவின் கை பையன் பக்கம் போனது. பிறகு பெண் பக்கம். கடைசியில் தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டது.

“கிளியோதிகா, நீ எடேன்.”

“நல்லாயிருக்கே. பூசாரி நீங்களா நானா?”

மற்றப் பெண்களுக்கு அந்த நேரம் பார்த்து மாலை கட்டும் வேலை நிறைய இருந்தது.

இரண்டு பிள்ளைகளும் கோயிலுக்கே போயின. விடுதலை பெற்று அல்ல, கோயில் அடிமைகளாக. தேவனின் பிள்ளையை எசமானாக வைக்க வேண்டும் என்று அந்த வழக்கத்தில் எங்கும் இல்லை போலும். பெருக்கும் நேரமெல்லாம் நிகாசோ அவர்களுக்குப் பால் கொடுத்தாள்.

அவளுடன் தண்ணீர் தூக்கும் பெண் ஒருநாள் காதோடு காதாகக் கேட்டாள்: “எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுடி. இதுல எது தேவனோட புள்ள?”

“பசிச்சா ரெண்டும் ஒரே மாதிரிதான் கத்துது, போ,” என்றாள் நிகாசோ.